அணுவின் பிறழ்ச்சியும் தீமையின் இயல்பும்

தீமை என்பது தனக்கென ஓர் உண்மையுடைய பொருளோ, அன்றி நன்மைக்கென அமைந்த ஆற்றலே இடமும் காலமும் எல்லையும் பிறழ்ந்து நிற்கும் நிலையோ என்னும் வினா நூலோர் பலரால் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவது. யாமும் அவ்வினாவை ஏட்டிற் கண்டு, ஏட்டிலேயே விடை எழுதிப் பழகினேம். அவ்வினா ஒரு நோயாளியின் கட்டிலருகே எம்மை எதிர்ப்பட்டபோது, யாம் எழுதிய விடைகளுள் ஒன்றேனும் எமக்கு உதவிற்றில்லை. எம் துயரை வெளியிடுதற்காக இதனை ஈண்டுக் கூறுகின்றேம் அல்லேம். வினாவின் கனத்தை உணர்த்தற்கே கூறுகின்றேம்.

எம் தமக்கையார் எழுபதாம் அகவையில் மார்பகப் புற்றுநோய் உற்றார். கட்டி அறுவையால் நீக்கப்பட்டது. இரண்டாண்டு கழிந்தபின் அந்நோய் முதுகென்பிலே காணப்பட்டது. பார்க்க வந்த உறவினருள் ஒருவர், நோயாளியின் செவி கேட்கவே, "எப்பிறப்பில் எவருக்குச் செய்த கேடோ, இப்படி உடம்பெல்லாம் சுற்றி வருகின்றது" என்று கூறிச் சென்றார். அவர் போனபின் தமக்கையார் எம்மை நோக்கி, "தம்பி, நீ நூல் பல கற்றவன். நான் செய்தது இன்னதென்று உன்னாலாவது சொல்ல முடியுமா?" என்று கேட்டார். யாம் வாய்வாளாது இருந்தேம்.

அந்நாட்களில் எம் பழைய மாணாக்கர் ஒருவரின் மகளார், மருத்துவம் பயின்றவர், தமக்கையாரைக் காண நாடோறும் வருவார். அவரிடம் யாம், "மார்பிலே தோன்றிய அணு முதுகென்புக்குச் செல்லும் வழியை எங்ஙனம் கற்றது?" என வினவினேம். அவர், "ஐயா, அது புதிதாகக் கற்றதன்று. கருவில் இருந்தபோது நம் உடம்பிலுள்ள அணுக்கள் இப்படித்தான் நடந்தன. மறந்த நடையை இப்பொழுது வேளையல்லாத வேளையில் நடக்கின்றன" என்றார். அம்மறுமொழி எம்மை உறங்கவொட்டாது செய்தது. அதன்பின் அவர் தந்த நூல்களையும் கட்டுரைகளையும் அவர் துணைகொண்டே பயின்று, தெளிந்தவற்றை ஈண்டு எழுதலுற்றேம்.

மக்களுடம்பு ஏறத்தாழ முப்பது இலட்சம் கோடி உயிரணுக்களால் ஆயது. இவற்றைச் செல் என வழங்குவர். இவை அனைத்தும் கருவுற்ற ஓரணுவினின்று பிரிந்து பெருகியன. வகையால் இவை இருநூற்றுக்கு மேற்படுமாயினும், நிற்கும் முறை நோக்கிப் பெரும்பாலனவற்றை இரண்டாக அடக்கலாம். தோலிலும், குடரின் உட்புறத்தும், பாற்குழல் முதலிய சுரப்பிகளிலும் உள்ள அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வரிசையாக நிற்பன. அவற்றுக்கு மேலும் கீழும் உண்டு. அமர்தற்கு ஓர் அடிச்சவ்வும் உண்டு. இவ்வரிசையை எபிதீலியம் என்பர். யாம் இவற்றை அணிநின்ற அணு என்பாம். இனி, அயலணுவைப் பற்றாது தனித்து நின்று, வேண்டுழி ஊர்ந்து செல்லவல்ல அணுக்கள் வேறு உள. கருவில் அவை திரண்ட பகுதியை மெசன்கைம் என்பர். யாம் அவற்றைத் திரியும் அணு என்பாம்.

அணிநின்ற அணுக்களை ஒன்றோடொன்று பிணிக்கும் கயிறுகளுள் தலையாயது ஈ-கேடெரின் என்னும் புரதம். சுண்ணச்சத்து உள்ளவழியே இவ்வினப் புரதங்கள் ஒட்டும் தொழிலைச் செய்யும் என்பதை ஆராய்ந்து, 1984-ஆம் ஆண்டில் அவற்றுக்குக் கேடெரின் எனப் பெயரிட்டவர் சப்பான் நாட்டு அறிஞர் மசதோசி தாகெய்ச்சி. இக்கயிறு அவிழுமாயின் அணி குலையும்.

அணி குலைதல் கேடே என்று எண்ணற்க. கோழிமுட்டையை நோக்குக. அஃது அடைகாக்கப்பெற்று இருபத்தொரு நாளிற் குஞ்சாகும். அடையின் முதல் நாளிலேயே மஞ்சட்கருவின் மேலுள்ள சிறு வட்டத்தில் மெல்லிய கீற்றொன்று தோன்றும். வட்டத்தின் அணுக்கள் அதுகாறும் அணிநின்றவை. கீற்றை அடைந்ததும் அவை தம் பிணிப்பை நெகிழ்த்து, உருவம் மாறி, உள்ளே இறங்கிப் பரவும். இறங்கியவற்றினின்றே தசையும் என்பும் குருதியும் உண்டாகும். மக்கட்கருவிலும் இது மூன்றாம் வாரத்தில் நிகழும். அணுக்கள் யாவும் ஒழுங்கைக் கைவிடாது முதலில் நின்ற வரிசையிலேயே நின்றிருப்பின், நமக்கு என்பு இல்லை, இதயம் இல்லை. உடம்பென ஒன்றே இல்லை.

இந்நிகழ்ச்சியைக் கோழிக்கருவில் ஆராய்ந்து, 1960-களின் இறுதியில் அதன் பொதுவியல்பை எடுத்துரைத்தவர் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியின் எலிசபெத் ஏய் அம்மையார். 1982-இல் அவரும் கேரி கிரீன்பர்கு என்பாரும், அணிநின்ற கண்வில்லை அணுக்களைக் கொலாசென் என்னும் கூழினுள் வைத்து, அவை வரிசை கலைந்து தனித்து ஊரும் அணுக்களின் இயல்பு கொள்வதைக் காட்டினர். இம்மாற்றத்தைத் தொடக்கத்தில் உருமாற்றம் எனும் பொருள்படும் சொல்லால் வழங்கினர். திரியும் அணு மீண்டும் அணிநிற்றலும் உண்டெனத் தெளிந்தமையின், அப்பெயர் நிலைமாற்றம் எனும் பொருள்படத் திருத்தப்பட்டது. சொல்லொன்று மாறியதுதானே என்று இதனைக் கழிக்கலாகாது. போனது மீளும் என்பதை அறிந்தமைக்கு அச்சொல்லே சான்று.

மீளுதற்குச் சிறுநீரகம் எடுத்துக்காட்டு. அங்கே திரிந்துகொண்டிருந்த அணுக்கள் ஒருங்கு திரண்டு, பிணிப்புண்டு, அணிநின்று, நுண்குழல்களாகி, குருதியை வடிக்கும் தொழிலை மேற்கொள்கின்றன. திரிதற்கோ நரம்பு முகட்டணுக்களே சிறந்த சான்று. 1868-இல் வில்கெல்ம் கிசு என்பார் கோழிக்கருவில் இவற்றை முதற்கண் குறித்தார். முதுகின் நரம்புக்குழல் மூடும் விளிம்பினின்று இவை புறப்பட்டு நெடுந்தொலைவு செல்லும். 1969-இல் நிக்கோல் லெ துவாரென் அம்மையார் காடைக்கருவின் அணுக்களைக் கோழிக்கருவிற் பொருத்தி, காடையணுவின் உட்கரு வேறுபட்டுத் தோன்றுவதையே அடையாளமாகக் கொண்டு, அவை சென்ற வழியெல்லாம் தொடர்ந்தறியும் முறையை நிறுவினார். நம் முகத்தின் என்புகளிற் பெரும்பாலனவும், தோலின் நிறம் தரும் அணுக்களும், நரம்பு முடிச்சுக்களும் இவ்வழிப்போக்கர்களால் ஆயின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அன்பு கொள்கின்றோமே, அம்முகம் அணி கலைந்து நடந்த அணுக்களின் கொடை என்க.

ஈண்டு ஓர் ஐயம் எழும். அணிநின்ற அணு திரியும் அணுவாகுமிடத்து, இல்லாத இயல்பொன்று புதிதாகத் தோன்றிற்றோ? அன்று. உடம்பில் உட்கருவுடைய அணுக்களிற் பெரும்பாலனவும் ஒரே மரபணுச் சுவடியை முழுமையாக உடையன. சுவடி ஒன்றாயினும், தோலணு படிக்கும் ஏடு வேறு, நரம்பணு படிக்கும் ஏடு வேறு. படியாத ஏடுகள் கட்டுக்குள் கிடக்கின்றன, கிழித்தெறியப்பட்டன அல்ல. ஸ்நெயில் என்னும் பெயருடைய புரதம் ஈ-கேடெரினுக்குரிய ஏட்டை மூடிவிடும் என்பதை இசுபெயின் நாட்டு ஆராய்ச்சிக் குழுவினர் இருவேறிடத்தார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூடவே, பிணிப்பு நெகிழும். திரிதற்குரிய ஏடுகள் திறக்கும். காரணத்துள் மறைந்து கிடந்ததே காரியமாய் வெளிப்படும் என்னும் சற்காரியக் கொள்கையைப் பயின்றோர்க்கு இது வியப்பன்று. எனினும் அணுநூலார் இதனை ஆய்வாற் கண்டனர். நம் நூலோர் பிறிதொரு பொருளை ஆராயுமிடத்துக் கூறினர். இரண்டும் ஒன்றென ஆரவாரித்தல் இரண்டிற்கும் பெருமை தாராது. ஒப்புமை ஒருபுடையதே என்று கொண்டு மேலே செல்வாம்.

இனி நோய்க்கு வருவாம். பாற்குழலின் அணு அளவிறந்து பெருகிக் கட்டியாய் நிற்கும்போது, அக்கட்டியின் சில அணுக்களில் மூடிக்கிடந்த அவ்வேடுகளே திறக்கின்றன. பிணிப்பு நெகிழ்கின்றது. அணுக்கள் அடிச்சவ்வைத் துளைத்துக் குருதியிற் புகுந்து, நுரையீரலிலோ என்பிலோ சென்று தங்குகின்றன. தங்கியபின் பெரும்பாலும் மீண்டும் அணிநின்று குடியேறிப் பெருகுகின்றன. புற்றுநோயால் இறப்போரிற் பெரும்பாலோர் இறப்பது முதற்கட்டியால் அன்று, இங்ஙனம் பரவியதனாலேயே. பரவுதற்கு இம்மாற்றம் இன்றியமையாததோ என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. எலிகளில் நிகழ்த்திய ஆய்வுகள் இரண்டு 2015-இல் வெளிவந்து, சிலவகைப் புற்று முழுமாற்றம் இன்றியும் பரவும் என்றும், மருந்துக்கு மசியாமையிலேயே இம்மாற்றத்தின் பங்கு மிகுதி என்றும் உரைத்தன. முழுதும் மாறாது இடைநிலையில் நிற்கும் அணுக்கள் பல உண்டென்பதைப் பலரும் உடன்படுகின்றனர். வழக்கு அளவைப் பற்றியதே. கருவைக் கட்டிய கருவிகளையே புற்றணு எடுத்தாளுகின்றது என்பது துணிவு.

இதனைக் கேட்ட ஒருவர், "அற்றேல் அவ்வாற்றலே தீயது, அதனை அடியோடு அழித்தல் நன்றன்றோ?" எனின், அது பொருந்தாது. என்னையெனின், அவ்வாற்றல் இன்றேல் கருவே இல்லை. வளர்ந்த உடம்பிலும் அதற்குப் பணி உண்டு. கையிற் கத்தி பட்டுத் தோல் பிளந்தபோது, புண்ணின் விளிம்பில் நின்ற அணுக்கள் தம் பிணிப்பை ஓரளவு தளர்த்து, பிளவின் மேல் ஊர்ந்து, எதிர்ப்புறத்தை எட்டியதும் மீண்டும் பற்றி நிற்கின்றன. அவை ஊராவிடின் புண் ஆறாது. தீங்கு செய்யக்கூடுமென்று நெருப்பை உலகினின்று நீக்கினால் அடுப்பும் அவியும் அன்றோ?

மற்றொருவர், "ஆற்றல் நன்றே ஆகுக, அதனைப் பிழைபட ஆளும் அவ்வணு இயல்பிலேயே கொடியது" என்பர். இதற்கு விடையாக இரண்டு ஆய்வுகளைக் கூறுவாம். 1975-இல் பியாட்ரிசு மின்ட்சு அம்மையாரும் கார்ல் இல்மென்சே என்பாரும் எலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியின் அணுக்களை எடுத்து, மிக இளைய எலிக்கருவினுள் இட்டனர். அக்கருவினின்று நலமுள்ள எலிகள் பிறந்தன. அவற்றின் உறுப்புக்களிற் சில, புற்றணுவின் வழிவந்த அணுக்களால் ஆகியிருந்தன. 1984-இல் டேவிட் டோல்பர்கும் மீனா பிசெல் அம்மையாரும் கோழிகளிற் புற்று விளைக்கும் இரௌசு நச்சுயிரியை நான்கு நாட்பட்ட கோழிக்கருவிற் செலுத்தினர். பொரித்த குஞ்சிற் கட்டி விளைக்கும் அந்நச்சு, கருவிற் கட்டி விளைக்கவில்லை. நச்சு அங்கே செயலற்றுப் போயிற்றோ எனின், அன்று. அவ்வணுக்களையே கருவினின்று பிரித்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தபோது புற்றியல்பு கொண்டன. சூழநின்ற இழையத்தின் கட்டளை அவற்றைக் காத்திருந்தது என்க. எல்லாப் புற்றணுவும் இங்ஙனம் நல்லிடஞ் சேர்ந்தால் மீளும் என்று கொள்ளற்க, பல மீளா. ஆயினும், அணுவின் ஒழுக்கம் அதனுள் எழுதப்பட்டதால் மட்டும் அமைவதன்று, அது சார்ந்த இடத்தாலும் அமைவது என்பது இவற்றால் விளங்கும். சார்ந்ததன் இயல்பைச் சார்ந்தது கொள்ளும் என்பதை நம்மவர் உயிரைப் பற்றிச் சொல்லி வந்தனர். அறிவில்லா அணுவினிடத்தும் அதன் நிழல் போல்வது ஒன்று காணப்படுதல் கருதத்தக்கது.

இன்னும் ஒருவர், "ஆற்றலும் தீயதன்று, அணுவும் தீயதன்று எனின், தீமை என்பதே இல்லையென முடியுமே, நோயாளியின் வலி பொய்யோ?" என்று கடாவுவர். நன்கு கேட்டார். வலி பொய்யன்று. என்பில் நோய் புகுந்தார் இரவெல்லாம் முனகுவதைக் கேட்டவர் எவரும் தீமை இல்பொருள் என்று கூற நாணுவர். தீமை உண்டு, அது பொருளாக இல்லை, முறையின் கேடாக உண்டு. அம்முறை மூன்று கூறுடையது. ஒன்று அழைப்பு. கருவின் அணு, அண்டை அணுக்கள் விடுக்கும் குறிப்பை ஏற்றே புறப்படும். இரண்டு எல்லை. அது செல்லுமிடமும் செல்லும் பொழுதும் வரையறைப்பட்டன. மூன்று அமைதி. சேரவேண்டிய இடம் சேர்ந்ததும் நின்று, அவ்விடத்துக்குரிய தொழிலை ஏற்கும். புற்றணுவும் அயலிடத்தின் குறிப்புக்களை ஏற்பதுண்டு. ஆனால் அவை முழுவுடம்பின் பொருட்டு விடுக்கப்பட்டன அல்ல. அது செல்லும், எல்லை அறியாது. அது தங்கும், தங்கிய இடத்துக்கு ஒரு தொழிலும் செய்யாது. இம்மூன்றன் இழப்பே ஈண்டுத் தீமை எனப்படுவது. முறையின் கேடு என்றமையால் அது சிறிதாகிவிடாது. அணை உடைந்த வெள்ளத்தில் நீரைத் தவிர வேறு பொருள் இல்லை. ஆயினும் ஊர் அழிகின்றது.

இனி, எம் தமக்கையாரின் வினாவுக்கு வருவாம். "நான் செய்தது என்ன?" நியூசிலாந்து நாட்டில் மாவோரி இனத்துப் பெருங்குடும்பம் ஒன்றில், முப்பதாண்டுக் காலத்துள் இருபதுக்கு மேற்பட்டோர் இரைப்பைப் புற்றால் இறந்தனர், பலர் இளமையிலேயே இறந்தனர். தம் குடிமேல் ஒரு சாபம் உண்டோ என்றும் அவருட் சிலர் அஞ்சினர். ஆயினும் அவர்கள் அவ்வச்சத்தோடு அமைந்துவிடவில்லை. தாமே ஆராய்ச்சியாளரை நாடினர். ஒட்டாகோ பல்கலைக்கழகத்துப் பாரி கில்ஃபோர்டு முதலியோர் அக்குடும்பத்தாரோடு கூடி ஆராய்ந்து, 1998-இல் காரணத்தை வெளியிட்டனர். யாம் மேலே கூறிய ஈ-கேடெரின் என்னும் கயிற்றுக்குரிய மரபணுவிலே ஒரு பிழை இருந்தது. பெற்றோர் ஒருவரிடம் அப்பிழை இருப்பின், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வருதற்கும் வாராமைக்கும் வாய்ப்பு ஒப்பானது. கயிறு இழந்த இரைப்பை அணுக்கள் ஒன்றையொன்று பற்றமாட்டாது தனித்தனியே சிதறிப் பரவின. இதனை அறிந்தபின், குருதிச் சோதனையால் பிழையுடையார் இன்னார் எனத் தெரிந்தது. அவருட் பலர் நோய் முற்றுமுன் இரைப்பையை நீக்கிக்கொண்டு உயிர் பிழைத்தனர். பிழையில்லாதார் அச்சம் நீங்கினர். சாபம் என்ற சொல் ஓருயிரையும் காக்கவில்லை. காரணம் அறிந்தமை காத்தது.

"புகை பிடித்தார்க்கு வரும் நோய் அவர் செயலின் பயனன்றோ?" எனின், காரணம் உண்மையே. புகையால் மூச்சுக்குழலின் உள்வரி அணுக்களும் வகைமாறித் தடித்து நிற்கும். புகையை விடுத்தால் அம்மாற்றம் மீளுதலும் உண்டு. ஆகவே புகையாதீர் என்று நோய் வருமுன் கூறுதல் அறம். வந்தபின் கட்டிலருகே நின்று, நீர் புகைத்தீர் என்று எண்ணிக்காட்டுதல் அறமன்று. காரணம் கூறுதல் காத்தற் பொருட்டு. பழி கூறுதல், கூறுவார் தம்மைத் தூயரெனக் காட்டுதற் பொருட்டு. இரண்டும் சொல்லளவில் ஒத்தும் நெஞ்சளவில் முரணுவன. மேலும், யாதொரு தீய பழக்கமும் இன்றியே, அணு தன் சுவடியைப் படியெடுக்கும்போது நேரும் எழுத்துப்பிழையாலும் புற்று வரும். ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையை அறிந்த நம்மனோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வினைக்கொள்கையை யாம் மறுக்கின்றேம் அல்லேம். அதனைக் கற்றும் கற்பித்தும் முதிர்ந்தேம். ஆயினும் அக்கொள்கை, தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கும், தன் செயலைத் தான் திருத்தற்கும் தரப்பட்டது. பிறர் துன்பத்துக்குக் கணக்கெழுதத் தரப்பட்டதன்று. இன்ன நோய் இன்ன வினையால் வந்தது என்று காட்டவல்ல கணக்கேடு எவர் கையிலும் இல்லை. இல்லாத ஏட்டைப் படித்தாற்போலப் பேசுதல் பொய்மொழிதலே ஆம். இதனைப் பிறரை நோக்கி மட்டும் கூறுகின்றேம் அல்லேம். முப்பதாண்டின் முன், குழந்தையை நோய்க்குப் பறிகொடுத்த அண்டை வீட்டாரிடம், ஆறுதலென்று எண்ணி, யாமே "பழவினை" என்றேம். அவ்வன்னை அன்றுதொட்டு எம் வீட்டுப் படி ஏறவில்லை. அதன் காரணம் அந்நாளில் எமக்கு விளங்கவில்லை. தமக்கையாரின் கட்டிலருகே விளங்கிற்று.

சில நாள் கழித்து யாம் தமக்கையாரிடம், "அக்கா, நீங்கள் செய்தது ஒன்றுமில்லை. அம்மா வயிற்றில் உங்களுக்கு முகமும் நெஞ்சும் தந்த ஆற்றல், இப்பொழுது முறைதப்பி அலைகின்றது. அது சாபமன்று, தண்டனையுமன்று" என்றேம். அவர் சிறிது நேரம் எம்மையே பார்த்திருந்து, "அப்படியானால் என் உடம்பை நான் வெறுக்க வேண்டாம்" என்றார். அச்சொல்லை அவரினும் கற்ற எவரும் எமக்குச் சொன்னாரில்லை. அதன்பின் அவர் பதினொரு திங்கள் வாழ்ந்தார். வலி இருந்தது, மருந்து ஓரளவே தணித்தது. அவ்வினாவை மட்டும் அவர் மீண்டும் கேட்கவில்லை.

ஆதலின் முடிந்த முடிபு இதுவாம். தீமை பொருளன்று, முறைக்கேடு. முறைக்கேடாயினும் உண்மையாக வருத்துவது. அது நிகழும் இடமாயிருத்தல் வேறு, அதனைச் செய்தவராதல் வேறு. நோயாளி நோய்க்கு இடமாவரேயன்றி நோயின் குற்றவாளி ஆகார். அவரருகே செல்வோர் கையிற் பழமோ பாலோ இல்லாது செல்லினும், நாவிற் பழியில்லாது செல்க.